உன் கட்டுரையைப் படித்தேன்

கண்ணா,

நீ அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்துவிட்டேன். ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைத் தேடிப் போய் ஒட்டும் ஆன்டிபாடியில் கதிர்வீசும் டெக்னீசியத்தை ஏற்றி, இதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கும் இடத்தை, அந்தக் கதிரைப் படமெடுக்கும் காமா கேமராவில் பிடிப்பது. 1982-லேயே முயல்களில் செய்துபார்த்த வேலைதான். நான் அந்தக் கேமராவில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் கைக்கு வந்தது வெள்ளை அணுவைப் பிடிக்கும் ஆன்டிபாடி. வெள்ளை அணு எங்கே கூடியிருக்கிறது என்று அது காட்டும், ஏன் கூடியது என்று சொல்லாது. நீ கிருமியையே தேடுகிறாய். பெருமையாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். முழு ஆன்டிபாடி ரத்தத்திலேயே நாள்கணக்கில் சுற்றும். டெக்னீசியமோ 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். இதயம் முழுக்க ரத்தம் மின்னும்போது வால்வில் இருக்கும் அந்தச் சின்னப் படிவு எப்படித் தெரியும்? துண்டு ஆன்டிபாடி என்கிறாய். அது சிறுநீரகம் வழியாகச் சீக்கிரம் இறங்கிவிடும், சரி. ஒட்டும் பிடி தளராதா?

பத்து நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல் என்று அக்காவிடம் சொன்னாயாம். என்னிடம் கட்டுரை மட்டும் வந்தது.

மாத்திரை எதுவும் போடாதே. முதலில் ரத்தக் கல்ச்சர், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க. மூன்று தடவை, வேறு வேறு இடத்தில் குத்தி எடுக்கச் சொல். அதற்குப் பிறகுதான் ஆன்டிபயாடிக். செயற்கை வால்வின் நிழல் எக்கோவில் விழும். நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் வந்துவிடாதே, தொண்டை வழியாகவும் பார்க்கச் சொல். மாத்திரை மட்டும் போட்டுவிடாதே.

உனக்கே தெரிந்ததைத்தான் சொல்கிறேன். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. பதினாறு வயதில் உனக்கு வந்த அந்தக் காய்ச்சலுக்கு, வீட்டில் மீந்து கிடந்த ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் கொடுத்தேன். பிறகு எடுத்த கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை. "முன்னாடி ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். கேமராவுக்கு வருகிறவர்களிடம் தினமும் அதே கேள்வியைக் கேட்டவள் நான். எந்தக் கிருமி என்றே தெரியாமல் ஆறு வாரம் ஊசி போட்டார்கள். வால்வு போய்விட்டது. அப்பாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

'கல்ச்சரில் கிருமி வளராத நோயாளிகளுக்காக' என்று உன் கட்டுரையை ஆரம்பித்திருக்கிறாய். அந்த வரியைத் தாண்ட எனக்கு ஒரு நாள் முழுக்க ஆயிற்று.

கல்ச்சருக்கு ரத்தம் எடுத்ததும் அக்காவிடம் சொல்லி அனுப்பாதே. என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும்.

அம்மா