இடுப்பில் ஒரு கிலோ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசுகிறேன் அம்மா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் எனக்கு மறந்துவிடுகிறது. கடிதமென்றால் ஜீப்பில் காத்திருக்கும் நேரத்தில் பிரித்துப் படிப்பாய் என்ற நம்பிக்கை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தபோது, குளிக்கப் போயிருந்தாய். கட்டிலில் கழற்றிப் போட்டிருந்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தேன். தலை துவட்டிக்கொண்டு வந்தபோது, வலது இடுப்பெலும்புக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கன்றிப்போயிருந்ததையும் பார்த்தேன். கேட்டால் "ஒன்றுமில்லை" என்பாய். அதனால் கேட்கவில்லை.

போலீஸ் தனிப்படைக்கு மாற்றிய பிறகு காக்கி இல்லை, மப்டிதான், பேன்ட் பெல்ட்டிலேயே துப்பாக்கி உறையை மாட்டி மேலே சட்டையை விட்டுக்கொள்கிறேன் என்று சொன்னாய். துப்பாக்கியை சர்க்கார் கொடுக்கிறது. பெல்ட்டை நீதான் வாங்கியிருக்கிறாய், 450 ரூபாய்க்கு. உள்பக்கம் தங்க எழுத்தில் "ஒரிஜினல் லெதர்" என்று அடித்திருக்கிறது. பாப்பா, உன் அம்மா ஆம்பூரில் 27 வருடம் செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். உன் பள்ளிக்கூட ஃபீஸ் தோலில் இருந்து வந்தது. நீ போய் இதை வாங்கியிருக்கிறாயே! உறை தொங்கும் இடத்தில் வாழை மட்டை மாதிரி வளைந்து கிடந்தது. ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினேன். மேல்பூச்சு உரிந்து, உள்ளே அட்டை மாதிரிச் சாம்பல் நிறம். கழிவுத் தோலை அரைத்துப் பசையில் குழைத்துத் தட்டி, மேலே பெயின்ட் பூசிய பண்டம் அது. கோலா உருண்டையைத் தொடைக்கறி என்று விற்பது மாதிரி. கறி இருக்கிறதா என்றால் இருக்கிறது. நார் இருக்கிறதா? நார் இல்லாத தோல் எடை தாங்காது. நீ வழக்கமாகப் போடும் ஓட்டை, வட்டமாக இருக்க வேண்டியது, கோதுமை மணி மாதிரி நீண்டிருந்தது.

நீ போன பிறகு ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதே. ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். பிஸ்டல், வெறும் பிஸ்டலே ஏறக்குறைய ஒரு கிலோ, மேகசினில் 13 தோட்டா என்று முன்பு சொல்லியிருக்கிறாய். பரணிலிருந்து ஒரு கிலோ படிக்கல்லை இறக்கினேன். துணிப்பையில் போட்டு, அப்பாவின் பழைய பெல்ட்டில் கோத்து, நைட்டிக்கு மேல் கட்டிக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை வீட்டு வேலை பார்த்தேன். பக்கத்து வீட்டக்கா கோலமாவு கேட்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். என்னவென்று சொல்வது? டாக்டர் கட்டச் சொன்னார் என்றேன்.

முதல் அரைமணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பெல்ட் சரிந்தது. மேலே இழுத்து ஒரு ஓட்டை இறுக்கினேன். அப்போது சரியவில்லை, ஆனால் மேல்விளிம்பு சதையில் புதைந்தது. வலிக்கிறதே என்று தளர்த்தினால் மறுபடி சரிந்தது. பதினோரு மணிக்கு நான் என்னை அறியாமலே இடது பக்கம் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். நீயும் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் நின்று காபி குடித்தாய்.

இது எனக்குத் தெரிந்த வலிதான். உன் வயதிலிருந்து பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கி, என் இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த தடம் இருக்கிறதே, சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுக் கேட்பாய். புடவையின் எடை முழுவதையும் ஒரு கயிறு தாங்கினால் கயிறு இடுப்பை அறுக்கத்தான் செய்யும். நாடாவுக்குப் பதில் அகலமான பட்டி வைத்துத் தைத்த பிறகுதான் எனக்கு விட்டது. பெல்ட்டும் அப்படித்தான். எடையைப் பெல்ட் தாங்க வேண்டும். அது தாங்காவிட்டால் நீ இறுக்குவாய், இறுக்கினால் உன் இடுப்பு தாங்கும். விறைப்பான பெல்ட்டை இறுக்கவே தேவையில்லை.

விறைப்பு என்றால் எந்தப் பக்கத்து விறைப்பு என்று பார்க்க வேண்டும். இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், ஆனால் மேலிருந்து கீழாக மடங்கக் கூடாது. கடையில் பெல்ட்டைக் கையில் எடுத்தால் சுருட்டிப் பார்க்காதே, அதை எல்லாரும் செய்வார்கள். விளிம்பு மேலே இருக்கும்படி ஒரு முனையைப் பிடித்து நீட்டு. பலகை மாதிரிக் கொஞ்ச தூரமாவது நின்றால் சரி. உடனே முறுக்கிக்கொண்டு தொங்கினால் வைத்துவிட்டு வந்துவிடு. தொங்குகிற பெல்ட்டில் உறை வெளிப்பக்கம் சாயும், பிடி சட்டையைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மப்டியில் போய் என்ன பயன், டீக்கடையில் இருக்கிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது விளிம்பு. முகத்தைப் பார்த்துத் தோல் வாங்காதே. பாலிஷ், பூ வேலை, முதலைத்தோல் அச்சு, எல்லாம் முகத்தில் செய்கிற வேலை. வெட்டிய விளிம்பில் பொய் சொல்வது கஷ்டம். குரோம் உப்பில் பதனிட்ட தோலானால் வெட்டுவாயில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். ஷூவுக்கு அது அருமை, மிருதுவாக இருக்கும், காலோடு இழையும். அந்த இழைகிற குணம்தான் பெல்ட்டுக்கு ஆகாது, எடை தொங்கினால் நீண்டுவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோலானால் மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைத் தூள். விளிம்பையே தடித்த கறுப்புப் பெயின்டால் மூடியிருந்தால்? எதையோ மூடியிருக்கிறான் என்று அர்த்தம். நல்ல வேலைக்காரர்களும் விளிம்புக்குச் சாயம் பூசுவார்கள்தான், ஆனால் அதில் தோலின் கோடு தெரியும்.

இத்தனையும் உனக்குச் சொல்லிவிட்டு நீ கடை கடையாக ஏறுவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நம் தெருமுனைப் பட்டறை பாயிடம் போனேன். ஈரோட்டிலிருந்து வந்த பட்டைத் தோல், எருமை, ஒரு சுருள் வைத்திருந்தார். முதுகுப் பக்கமாக வெட்டித் தரச் சொன்னேன். வயிற்றுப் பக்கம் நார் தளர்ந்திருக்கும், மாடு மூச்சு விட்டு விட்டு விரிந்த இடம் அது. முதுகெலும்பை ஒட்டிய தோல்தான் நீளாது. பாய்க்கு வருத்தம், நடு முதுகைக் கேட்கிறாயே அம்மா என்றார். பாப்பாவுக்கு என்றேன். எஸ்.ஐ. அம்மாவுக்கா என்று கேட்டுவிட்டு, பேசாமல் கத்தியைத் தீட்டினார்.

இரண்டரை மில்லிமீட்டரில் இரண்டு பட்டை. சதைப்பக்கத்தைச் சதைப்பக்கத்தோடு ஒட்டி, சுற்றிலும் நானே தைத்தேன். மொத்தம் 5 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு ஆறு தையல்தான் விட்டேன். நெருக்கித் தைத்தால் உறுதி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தோலில் நெருக்கிக் குத்தினால் தபால்தலைத் தாள் மாதிரி ஓட்டை வரிசையாகிவிடும், ஒருநாள் அதே கோட்டில் கிழியும். இடையில் மெல்லிய ஸ்டீல் தகடு வைத்துத் தைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பாயும் வைக்கட்டுமா என்றார். இந்தத் தடிமனுக்குத் தேவையில்லை என்று நான்தான் வேண்டாமென்றேன்.

அகலம் 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம். உன் உறையில் பெல்ட் நுழையும் வாயும் அதே அளவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து எனக்குச் சொல். உறைவாய் பெரியதாக இருந்து பெல்ட் சின்னதாக இருந்தால், நீ எவ்வளவு நல்ல தோல் போட்டாலும் உறை ஊஞ்சலாடும். உன் பேன்ட் லூப் இதற்குப் போதாது, எனக்குத் தெரியும். பெண்கள் பேன்ட்டுக்கு எவன் லூப் வைக்கிறானோ, ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் நுழையாது, அதிலும் ஒரு லூப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. மூன்று பேன்ட்டையும் அனுப்பு. லூப்பைப் பிரித்து அகலமாக வைத்து, உறை வரும் இடத்துக்கு இருபுறமும் கூடுதலாக ஒவ்வொன்று தைத்துத் தருகிறேன்.

இன்னொன்று. இந்தப் பெல்ட் நேராக இருக்காது, தரையில் விரித்தால் லேசாகப் பிறை மாதிரி வளைந்திருக்கும். வெட்டியதில் பிசகு என்று நினைத்துவிடாதே, அப்படித்தான் வெட்டச் சொன்னேன். குடத்தை நாம் இடுப்பில் வைத்துத் தூக்கிவிடுகிறோம், உன் அண்ணனுக்கு வருமா? வராது, நழுவும். நமக்கு இடுப்பெலும்பு விரிந்து குடத்துக்கு இடம் கொடுக்கிறது. அதே எலும்புதான் துப்பாக்கிக் குழாயின் நுனியை வெளியே தள்ளுகிறது. நுனி வெளியே போனால் பிடி உள்ளே சாய்ந்து விலாவில் இடிக்கும். நீ ஜீப்பில் ஏறும்போதெல்லாம் முகம் சுளிப்பது அதனால்தான். நேராக வெட்டிய பெல்ட் ஆண்களின் இடுப்பில் சரியாக உட்காரும். நமக்குக் கீழ்விளிம்பு கொஞ்சம் நீளமாகவும் மேல்விளிம்பு கொஞ்சம் குட்டையாகவும் வேண்டும். கூடுதல் மேகசினை இடது பக்கம் மாட்டிக்கொள், தராசு மாதிரி நிற்கும்.

பக்கிள் பித்தளை, கையில் எடுத்தாலே கனம் தெரியும். பளபளப்பான வெள்ளைப் பக்கிள்களில் பாதி ஈயம் மாதிரியான கலவை, கீழே விழுந்தால் உடையும். பக்கிளைப் பிடிக்கும் இரண்டு திருகாணியும் நாளடைவில் தளரும். கழற்றி, மரையில் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டு இறுக்கு. அந்தச் சிவப்பு நகப்பூச்சு இதற்காவது உதவட்டும்.

ஒரு விஷயத்தில் எனக்கே மனம் ஒப்பவில்லை. பந்தோபஸ்துக்குப் போகும் இடத்தில் கக்கூஸ் இருக்காது, இருந்தால் கொக்கி இருக்காது, அதற்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று உன் கூட்டாளிப் பெண் சொன்னாள். தடித்த தோல் பெல்ட்டை அவசரத்தில் கழற்றி மாட்டுவது சிரமம், உண்மைதான். நைலானில் இரட்டைப் பட்டையாகத் தைத்து, ஓட்டை இல்லாமல் பல்லில் நகர்கிற பக்கிள் வைத்து வருகிறதே, அது சட்டென்று கழலும், மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம், மழையில் நனைந்தாலும் கவலையில்லை. தோல்காரி வாயால் இதைச் சொல்லக் கூடாது. ஆனாலும் மழைக்காலத்துக்கு அப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொள். அதையும் நீட்டிப் பார்த்து வாங்கு. தண்ணீர் குடி.

ஊனமாஞ்சேரியில் உன் பயிற்சி முடிந்த அணிவகுப்பு நினைவிருக்கிறதா? எல்லா அம்மாக்களும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் உன் கிராஸ் பெல்ட்டைத் தடவி, தையல் எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீ இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாய். சாம் பிரவுன் என்ற வெள்ளைக்காரர், 1858இல் சண்டையில் இடது கை போன பிறகு, வாளைத் தாங்கத் தோளோடு ஒரு வாரை இணைத்துக்கொண்டார், அதுதான் இந்தப் பெல்ட் என்று நீதான் சொன்னாய். கெட்டிக்காரர். இடுப்பால் முடியாததைத் தோளுக்குக் கொடுத்துவிட்டார். மப்டியில் உனக்குத் தோள்வார் கிடையாது, எல்லாம் இடுப்புதான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். துப்பாக்கி, உறை, பூட்டு எல்லாம் உன் படிப்பு, அதில் நான் வாய் திறக்கமாட்டேன். உன் இடுப்பில் அது இருக்கிறது என்பதே எனக்கு இன்னும் பழகவில்லை.

முதல் இரண்டு வாரம் பெல்ட் முரண்டு பிடிக்கும். எண்ணெய் தடவிவிடாதே, யார் சொன்னாலும் சரி. எண்ணெய் குடித்த தோல் துவண்டுவிடும், நாம் பட்ட பாடெல்லாம் வீண். எப்போதாவது மெழுகு பாலிஷ் போதும். நனைந்தால் நிழலில் காயவை, வெயிலில் போட்டால் அப்பளமாகிவிடும். ராத்திரி சுருட்டி வைக்காமல் பக்கிளில் தொங்கவிடு. உன் உறையும் தோல்தானே? பிஸ்டலை நாள்கணக்கில் அதற்குள் விட்டுவைக்காதே. தோல் ஈரம் இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், தோட்டாவின் பித்தளையில் பச்சை பூக்கும்.

பெல்ட்டைச் செவ்வாய்க்கிழமை ராத்திரி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், காலையில் ஆள் அனுப்பி வாங்கிக்கொள். உன் பழைய பெல்ட்டை வைத்துத்தான் அளவு எடுத்தேன். பக்கிளிலிருந்து அந்தக் கோதுமை மணி ஓட்டை வரை 34 அங்குலம். அது இழுபட்டு நீண்டது என்பதால் முக்கால் அங்குலம் குறைத்திருக்கிறேன். வழக்கமாக ஐந்து ஓட்டை போடுவார்கள். நான் மூன்றுதான் போட்டிருக்கிறேன், முக்கால் அங்குலத்துக்கு ஒன்றாக. நடு ஓட்டையில் சரியாக வர வேண்டும். நீ இளைத்துப் போய் மூன்றும் போதவில்லை என்றால் ஆணியை வைத்துக் குத்திவிடாதே, தோல் கிழியும். பன்ச் இங்கே என் தையல் பெட்டியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வா, போட்டுத் தருகிறேன்.

அம்மா