கூண்டைப் பற்றி அப்பாவுக்கு

வின்னிப்பெக், கனடா,
தை 6, இரவு.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மார்கழி பிறந்த மறுவாரமே உங்கள் கடிதம் வந்துவிட்டது. ஒரு மாதமாக என் தலையணைக்கு அடியில்தான் கிடக்கிறது. இன்றைக்கு எழுதுவோம், நாளைக்கு எழுதுவோம் என்று தள்ளித் தள்ளிப் பொங்கலும் போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் கிளைத் தபாலாபீசைக் கட்டிக் காத்தவர் நீங்கள். தபால்காரர் சைக்கிள் திரும்பும் முக்கையே பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரிந்தும் இப்படிச் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் அப்பா.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. "நாய்க்குட்டியைக் கம்பிக் கூண்டுக்குள் அடைத்து வைக்கிறாயாமே, வாயில்லாச் சீவன் என்ன பாவம் செய்தது? மணியை நாம் ஒருநாளாவது கட்டிப் போட்டிருப்போமா?" அண்ணன் காட்டிய போட்டோவைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் போட்டோவில் கூண்டு தெரிகிறது, அதன் கதவு திறந்து கிடப்பது தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

குட்டி என்னுடையது இல்லை, பாபாவுடையது. பாபா என்றால் அவர்கள் பாஷையில் ஆச்சி. மேல்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மாவைத்தான் சொல்கிறேன். உக்ரைன்காரர். போர் முடிந்த பிறகு, 1948-இல், மூன்று வயதில் பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். இந்த ஊரில் அவர்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் வீட்டுத் தாத்தா தவறிப்போனதால், பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று கால்கரியில் இருக்கிற மகன் ஐப்பசிக் கடைசியில் ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். பிறந்து எட்டு வாரம்தான். ஹஸ்கி கலப்பு, அடுப்புச் சாம்பல் நிறம். அதனால் சிர்கோ என்று பெயர். அவர்கள் ஊரில் சாம்பல் நாய்க்கெல்லாம் அதுதான் பெயராம், நமக்கு மணி மாதிரி.

பாபாவுக்கு முழங்கால் முடியாது. பின்வாசல் படி உறைந்துபோய்க் கண்ணாடியாக வழுக்குகிறது. ராத்திரி மூன்று தடவை குட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் எப்படி இறங்குவார்? "கீழே உன்னோடு வைத்துப் பழக்கிக் கொடு, வாடகையில் பாதியைக் கழித்துக்கொள்கிறேன்" என்று அவராகத்தான் கேட்டார். எனக்கும் தோதாகப் போயிற்று. முதியோர் இல்லச் சமையலறையில் இப்போது எனக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. குளிர்காலத்தில் அப்படித்தான் குறைப்பார்களாம், கவலைப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் குட்டியோடு இருக்க நேரம் கிடைக்கிறது.

மணிக்கு வீடும் வெளியும் ஒன்று. அவசரம் வந்தால் தொழுவைத் தாண்டி வேலிக்கருவைக்குள் ஓடிவிடுவான். இங்கே வாசலுக்கு இரண்டு கதவு, இரண்டும் எந்நேரமும் அடைத்தே கிடக்கும். உள்ளே தரை முழுக்கக் கம்பளம். வெளியே மைனஸ் 29. எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்பதைக் குட்டிக்கு யாராவது சொல்லிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மேலத்தெரு சித்தி வீட்டுக் கன்னி இன நாய் குட்டி போட்டபோது நாம் போய்ப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அதுக்குள்ளேயே சாக்கை விட்டுத் தள்ளாடித் தள்ளாடி நகர்ந்து ஓரத்துக்கு வந்துதான் ஒண்ணுக்குப் போயின. படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்பது நாயின் பிறவிக் குணம். கூண்டுப் பழக்கம் முழுக்க அந்த ஒரு குணத்தை நம்பித்தான். கூண்டு அதற்குப் படுக்கை என்றாகிவிட்டால் உள்ளே இருக்கும் மட்டும் அடக்கிக்கொள்ளும். திறந்ததும் நேரே வெளியே தூக்கிக்கொண்டு போனால் அங்கே போகும். போன கையோடு, அந்த நொடியே, தடவிக் கொடுத்து ஒரு துண்டு தீனி கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது.

கூண்டின் அளவுதான் முக்கியம். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். மகன் வாங்கிக் கொடுத்தது வளர்ந்த நாய்க்கானது, மூன்றரை அடி நீளம். முதல் ராத்திரி ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் சுகமாகப் படுத்துக்கொண்டான். மறுநாள் பாபா வந்து பார்த்துவிட்டு, கூடவே வந்த கம்பித் தடுப்பைக் குறுக்கே மாட்டிப் பாதியாக்கினார். அவன் வளர வளரத் தடுப்பை நகர்த்துகிறேன். தாத்தாவின் பழைய கம்பளிச் சட்டையை உள்ளே விரித்து, மேலே போர்வை போட்டு மூடி, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கம்பிக்குள் கையை விட்டால் என் விரலை நக்கிக்கொண்டே தூங்கிப்போவான். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவேன், கம்பியில் மாட்டி இறுக்கிவிடக் கூடாது.

முதல் நாலைந்து நாள் கதவைச் சாத்தவே இல்லை. சோறும் தண்ணீரும் உள்ளேதான். கோபத்தில் ஒரு தடவைகூட அவனை அதில் தள்ளியதில்லை, தண்டனைக் கொட்டடி ஆகிவிட்டால் பிறகு அதைப் பார்த்தாலே பயப்படுவான். அம்மா, நீ குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பாயே, அது தண்டனையா? பருந்து தூக்காமல் இருக்கத்தானே? இவனும் மின்சார வயரைக் கடிக்காமல், கம்பளத்தை நனைக்காமல் கொஞ்ச நேரம் இருக்கிற பஞ்சாரம்தான் இது. இப்போது தூக்கம் வந்தால் தானாகப் போய்ப் படுத்துக்கொள்கிறான்.

ஆனால் அப்பா, நீங்கள் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. காலையில் பூட்டிவிட்டுச் சாயங்காலம்வரை திரும்பிப் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள். அது பெரிய தப்பு. ஸ்வீடனில் வீட்டுக்குள் நாயைக் கூண்டில் அடைத்து வைப்பதைச் சட்டமே அனுமதிக்காது. குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம்தான் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி, அதுவே அதிகம்.

அந்தத் தப்பு என்னாலும் ஒரு நாள் நடந்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். கார்த்திகை முதல் வாரம், பாபாவைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேலை நாள். வராமல் போனால் உள்ள மூன்று நாளும் போய்விடுமோ என்று பயந்து, ஏழு மணி நேரம் அவனைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். வந்து கதவைத் திறந்தால் மலத்திலேயே படுத்திருக்கிறான். வயிறெல்லாம் ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து வாலைக்கூட ஆட்டாமல் காதை மடக்கிக்கொண்டு கிடந்தான். வெந்நீரில் அவனைக் கழுவித் துடைத்து மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதேன். ஒரு தடவை படுக்கையில் போக நேர்ந்துவிட்டால் அந்தக் கூச்சம் மழுங்கிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர எட்டு நாள் பிடித்தது. போதாததற்கு, வீட்டில் இருந்த நெடி அடிக்கிற மருந்தால் இடத்தைத் துடைத்துவிட்டேன். அதில் அம்மோனியா இருக்கிறது, நாய்க்கு அது மூத்திர வாடை மாதிரியே இருக்குமாம். துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்பப் போனான். அந்தக் கறைக்கென்றே விற்கிற என்சைம் மருந்து போட்ட பிறகுதான் விட்டான். அன்றிலிருந்து என் வேலை நாளில் எதிர்வீட்டுப் பையன் நடுவில் இரண்டு தடவை வந்து வெளியே விடுகிறான்.

தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் ஒரு தடவை, விளையாடி முடித்ததும் ஒரு தடவை. முதலில் ராத்திரி இரண்டு மணிக்கும் அலாரம் வைத்தேன். படுக்கப் போக இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவேன். கோட்டு, தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ் போட்டு அவனைக் கோட்டுக்குள் சொருகிக்கொண்டு படியேறுவேன். வேலியோரம் மண்வெட்டியால் பனியைத் தள்ளி, நம் களத்தில் நெல் காயப்போட ஒதுக்குவோமே அந்த அளவில் கொஞ்சம் இடம் பண்ணியிருக்கிறேன். தினமும் அதே இடம்தான், பழைய வாடை அவனுக்கு ஞாபகப்படுத்தும். இறக்கிவிட்டால் ஒரு காலைத் தூக்குவான், அதை வைத்துவிட்டு அடுத்த காலைத் தூக்குவான். அடியெல்லாம் சுடுகிற மாதிரி. மூக்கு நுனியில் பனித்தூள். விளையாட்டுக் காட்ட மாட்டேன், அப்படியே நிற்பேன். "ஒண்ணுக்குப் போ, ஒண்ணுக்குப் போ" என்று மெதுவாகச் சொல்லுவேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் பழகிவிடும். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால்தான் போகிறான். பாபாவே பகலில் வாசலில் நின்று "ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு" என்கிறார்!

இப்போது அவனுக்கு நாலு மாதம். பதினொன்றுக்குப் படுத்தால் விடியற்காலை ஐந்தரைவரை சத்தமில்லை. வீட்டுக்குள் நனைத்து பதினாறு நாள் ஆகிறது. பழகிவிட்டான் என்று பாபா சொல்கிறார். இன்னும் ஒரு மாதம் என்னோடு இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மார்கழியில் அவர்களுக்கும் பண்டிகை வந்தது. ஜனவரி 6 ராத்திரி, பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸ் முன்னிரவு. பன்னிரண்டு வகைச் சமையல், ஒன்றிலும் கறி கிடையாது. முதலில் வைத்தது குத்யா. அவித்த கோதுமையில் தேனும் கசகசாவும் போட்டது. வாயில் வைத்ததும் சர்க்கரைப் பொங்கல் ஞாபகம் வந்தது. மேசையில் ஒரு தட்டை யாருமில்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்திருந்தார், இறந்தவர்களுக்காம். நாம் தாத்தாவுக்குப் படைப்பதுதான். இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார். அம்மா மாதிரியே, போதும் என்றாலும் கேட்கவில்லை.

பொங்கலன்று காலை எட்டரைக்குத்தான் வெளிச்சம் வந்தது. சன்னல் தரைமட்டத்தில் இருப்பதால் பனிதான் தெரிகிறது, சூரியன் தெரியவில்லை. மின்சார அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் வைத்தேன். பொங்கி வழிந்தபோது குலவை போட்டேன். தனியாகப் போட்டால் குரல் நடுங்குகிறது அம்மா. சிர்கோ கழுத்தை நிமிர்த்தி என்னோடு ஊளையிட்டான். அவனைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் யோசித்தேன், அந்த வாரம் முழுக்க நான் வாய் திறந்து தமிழ் பேசியது இவன் ஒருத்தனோடுதான். நம் முற்றத்தில் உங்கள் எல்லார் சத்தமும் எப்படி இருக்கும் என்று காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. கரும்பைக் கடித்துத் துப்பும் சத்தம்கூட.

சரி, இதை விடுங்கள். வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் கண்புரையைத் தள்ளிப்போட வேண்டாம். காட்டு வேலை முடிந்ததும் திருநெல்வேலி அரவிந்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே நேரத்தில் வேண்டாம், ஒன்று ஆறிய பிறகு அடுத்தது. அம்மா, அடுப்பு முன்னால் உட்காராதே, அண்ணி பார்த்துக்கொள்வாள்.

பாப்பாவுக்குப் பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் காது குத்துவதாக அண்ணன் சொன்னான். அத்தை சீர் என்னுடையதுதான், அதில் மாற்றம் இல்லை. கம்மலை இப்போதைக்கு அண்ணனையே எடுக்கச் சொல்லுங்கள். பொங்கலுக்கு அனுப்புவதாகச் சொன்ன பணமும் அதுவும் சேர்த்து மாசிக் கடைசியில் வரும், இந்த மாதம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகிறது. அம்மாவின் சங்கிலி அடகு வட்டிக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அது தை 20-க்குள் உங்கள் கணக்கில் ஏறிவிடும். அதைத் தொட்டு வேறு எதற்கும் கொடுக்க வேண்டாம்.

கிழக்குப் புஞ்சையை சோலார்காரர்கள் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு முன்பணம் வாங்காதீர்கள். விற்பதைவிடக் குத்தகைக்குக் கேட்டால் எத்தனை வருஷம், ஏக்கருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கண்மாய்க்குப் போகிற வண்டிப்பாதையை அடைக்க மாட்டோம் என்றும் எழுதிக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் சைக்கிள் சித்தப்பா காட்டுக்குப் போக வழி இருக்காது. தாத்தா வழிச் சொத்து என்பதால் என் கையெழுத்தும் கேட்பார்கள், தேவைப்பட்டால் இங்கே தூதரகத்தில் எழுதி அனுப்புகிறேன். யார் வந்து கேட்டாலும் நகலைக் காட்டுங்கள். மூலப் பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: 2005-இல் வந்த நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையத்தை மட்டும் என்னிடம் கொடுத்தீர்களே அப்பா, அதைப் பாபாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மற்ற மூன்றும் உங்கள் பழைய ரிஜிஸ்தரில் இருக்கும், அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். இந்த உறையில் பாபா தன் கையாலேயே தபால்தலை ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், உறையைக் கிழிக்காமல் பிரியுங்கள்.