‘தோட்டத்துப் பிள்ளை’ என்று தனியாக ஒரு பிள்ளை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவரின் பின்னணியை அறிந்து பாடம் தயாரிக்கச் சொல்வதெல்லாம் சாக்குப்போக்கு என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைக்கும் தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பாடம்தான், நாங்கள் படிக்கவில்லையா என்றும் கேட்டிருந்தார். நானும் லயத்தில் பிறந்தவன். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து, அண்மையில் ஓய்வு பெற்றவன். அவருடைய கேள்விக்கு என் பதில்: எல்லாரும் படிக்கவில்லை. என்னோடு முதலாம் ஆண்டில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் ஆறாம் ஆண்டோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போனார்கள். கரையேறியவர்களை மட்டும் எண்ணினால் எந்த ஆறும் ஆழமில்லாத ஆறுதான்.

ஆனால் இந்தப் ‘பின்னணி’ விஷயத்தில் நானே ஒரு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

பத்து ஆண்டுகளுக்கு முன், நான்காம் ஆண்டுக்குத் தசமக் கணக்கு. பாடநூலில் துணியும் பழச்சாறுமாக இருந்தன. நம் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்து எல்லாக் கணக்கையும் எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மாற்றினேன். ஒரு குலை 18.5 கிலோ, இன்னொன்று 21.75 கிலோ, உதிரிப் பழம் 6.4 கிலோ, மொத்தம் எவ்வளவு? நாள் பாடத்திட்டத்தில் பாடத் தொடக்கமான பீடிகை முதல் முடிவில் வரும் சிந்தனை மீட்சி வரை எல்லாம் கச்சிதம். மறுநாள் முன்வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். “ஐயா, உதிரிப் பழம் என்றால் என்ன பழம்?”

விசாரித்தேன். பதினான்கு பேரில் தோட்டத்தில் குடியிருந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் எல்லாம் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிப் பிள்ளைகள். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலை பஸ் ஏறி ஈப்போ பக்கம் போகிறார். செம்பனையை அவர்கள் பார்த்ததெல்லாம் பள்ளி வேன் ஜன்னல் வழியாகத்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களமும் ரப்பர் பால் வடியும் மங்கும் என் நெஞ்சில் கிடந்தவை. அவர்களுடைய பின்னணி என்று நினைத்து என்னுடையதையே எழுதி வைத்திருந்தேன். அந்த மூன்று பேருக்காவது பொருந்தியதா என்றால், அதுவும் இல்லை. “எங்கள் அப்பா குலையை எண்ணித்தான் கணக்குச் சொல்வார் ஐயா, நிறுப்பதெல்லாம் மில்லில்தான்” என்றான் ஒருவன். அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். முதல் பாட வேளையில் தூங்கி வழியும் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அம்மா நான்கரை மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார். தம்பியை எழுப்பிக் குளிப்பாட்டி, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு வருகிறவள் அவள். அவளுக்கான வாசிப்புப் பயிற்சியை ஓய்வு நேரத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். வயிற்றில் ஏதாவது விழுந்த பிறகு வாசித்தாள், நன்றாகவே வாசித்தாள். கரும்பலகையில் ‘ள’ இருந்தால் ‘ன’ என்று எழுதிக்கொண்டிருந்த பையனுக்குத் தேவைப்பட்டது பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் போதனை அல்ல, மூக்குக் கண்ணாடி. இன்னொருவனின் தாயார் இந்தோனேசியர். வீட்டில் பேச்சு மலாய். கதையை முதலில் மலாயில் சொல்ல விட்டு, பிறகு தமிழில் எழுதச் சொன்னேன். “தமிழ்ப்பள்ளியில் மலாய் மொழியா?” என்று சக ஆசிரியர் ஒருவர் முகம் சுளித்தார். ஆண்டிறுதியில் அவன் தமிழிலேயே ஒன்றரைப் பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன, இல்லாமல் என்ன.

இதற்கெல்லாம் கல்வி முறையில் இடமில்லை என்று சொல்ல முடியாது. 2021இல் ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் ரத்தான பிறகு, தொடக்கப்பள்ளியில் வகுப்பறை மதிப்பீடுதான் முக்கியம். ஒவ்வொரு பிள்ளையும் ஆறு அடைவுநிலைகளில் எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் பார்த்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும். தாளில் அருமையான ஏற்பாடு. நடப்பில், தவணை தொடங்கும் முன்பே ஆண்டு முழுமைக்குமான பாடத்திட்டம் டெலிகிராம் குழுக்களில் வந்து விழுகிறது. பள்ளிப் பெயரையும் தேதியையும் மாற்றினால் முடிந்தது. குறைநீக்கல் என்ற கட்டத்தில் ‘ஆசிரியர் துணையுடன் மீண்டும் செய்தல்’ என்று ஜனவரியிலும் இருக்கும், அக்டோபரிலும் இருக்கும். எந்தப் பிள்ளை, எதை, ஏன் மீண்டும் செய்தது? அது மட்டும் இருக்காது.

இளம் ஆசிரியர்களை நான் திட்டவில்லை. கணினியில் விவரம் ஏற்றுவதிலும் கோப்பு நிரப்புவதிலும் அவர்கள் மாலைப்பொழுது கழிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். மாணவர் எண்ணிக்கை முப்பதை எட்டாத பள்ளிகளில் கூட்டு வகுப்பு வேறு. ஒரே அறையில் இரண்டு வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள். அங்கே போய் ‘எல்லாருக்கும் ஒரே பாடம்’ என்று அந்த வாசகர் சொல்லிப் பார்க்கட்டும்.

மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று நாம் புலம்பும் இதே பள்ளிகளில்தான் பதினான்கு பிள்ளைகளைப் பதினான்கு பேராக அறிந்துகொள்ள முடியும். நாற்பது பேர் அடைந்து கிடக்கும் பட்டணத்து வகுப்பில் அது நடக்காத காரியம். ஆகவே தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தவணையின் முதல் இரண்டு வாரத்துக்கு ஆசிரியரிடம் முழுப் பாடத்திட்டம் கேட்காதீர்கள். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். முடிந்தால் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போய் வரட்டும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். பள்ளி கொடுக்கும் விவரப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதி முடித்துவிடாதீர்கள். இரவு வேலையா பகல் வேலையா, மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார், வீட்டில் எந்த மொழி என்று இரண்டு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள். இடம் போதாவிட்டால் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்