எங்கள் ஆட்களை மீட்டுத் தந்தவர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு,

இந்திய மறியலில், அதாவது சிறையில், இருந்த என் கணவரும் அவரோடு படகில் போன மற்றவர்களும் சுகமாக ஊர் வந்து சேர்ந்துவிட்டார்கள். திருக்கடலூர்க் கடற்கரைக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் கிண்ணியாவிலும் கொட்பேயிலும் அக்கரையில் இராமநாதபுரம் பக்கத்திலும் எங்களுக்காக ஓடித் திரிந்த பலரை நான் இன்னும் கண்ணால்கூடக் கண்டதில்லை. எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன்.

நடந்ததைப் பற்றிப் பலவிதமாகக் கதைத்தார்கள். கொட்பேத் துறைமுகத்தில் இருந்து சூரை மீனுக்குப் போன பலநாள் படகு அது. ஆழ்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. சோழகக் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகை வடக்கே கொண்டுபோய், வங்காள விரிகுடாவில் இரு நாடுகளும் 1976இல் வகுத்த எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டன. அங்கேதான் பிடிபட்டார்கள். ஐஸ் அறையில் மீன் இருந்தது. அந்த மீன் எங்கே பிடித்தது என்பதுதான் முழு வழக்கும். எல்லை தாண்டி வந்து பிடித்தார்கள் என்றது அவர்கள் தரப்பு. நம் கடலில் பிடித்தோம், பிறகுதான் இழுபட்டுப் போனோம் என்றார்கள் நம்மவர்கள். வெறும் வாய்ச் சொல்லை யார் நம்புவார்கள்?

இந்த இடத்தில் முதல் நன்றி, கடற்றொழில் திணைக்களத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்ட காலத்தில் ஆழ்கடல் படகுகளுக்கு ஒரு கண்காணிப்புக் கருவி வந்தது. வீஎம்எஸ் என்போம். படகு எங்கே நிற்கிறது என்பதைச் செய்மதி வழியாகக் கொழும்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நம்மை வேவு பார்க்கிற பெட்டி என்றுதான் நம் ஆட்கள் பலர் அதைச் சொல்வார்கள். அந்தத் தம்பி அதன் பதிவை எடுத்து, சான்றுறுதி செய்வித்து, அக்கரைக்கு அனுப்பும்வரை ஓயவில்லை. தொழில் செய்கிற வேகம் இல்லாமல் படகு மெல்ல மெல்ல வடக்கே ஊர்ந்து போனது அந்தத் தாளில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. அவர் கேட்டபடி பெயரை இங்கே எழுதவில்லை.

அடுத்தது, வழக்கை எடுத்துப் பேசிய சட்டத்தரணி அம்மா. காவலில் இருக்கும் எவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு என்று இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக்காரரும் கேட்கலாம். அந்த வழியில் வந்தவர் அவர். நீதிமன்ற மொழி விளங்காத என் கணவருக்கு வழக்குத் தவணை ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது என்று தமிழில் விளங்கப்படுத்தியவர். 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட சாசனத்தின் 73ஆம் பிரிவைப் பற்றி எனக்குப் போனில் பொறுமையாகச் சொன்னார். கரைக்குப் பக்கத்தில், 12 கடல் மைலுக்குள் என்றால் கதை வேறு. அதற்கு வெளியே, 200 கடல் மைல்வரை உள்ள பொருளாதார வலயத்தில் மீன்பிடிக் குற்றம் நடந்தால், இரு நாடுகளுக்கும் இடையில் வேறு உடன்பாடு இல்லாதவரை சிறைத்தண்டனை கூடாது என்கிறது அந்தப் பிரிவு. நியாயமான பிணை கட்டினால் படகையும் ஆட்களையும் தாமதமில்லாமல் விடவேண்டும். இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்ட சாசனம். அப்படியிருந்தும், வழக்கு முடியுமுன் அடைத்து வைக்கிற விளக்கமறியல் நீண்டுகொண்டே போனது. கோபம் வராமல் என்ன செய்யும்?

இனி, நான் எழுத வேண்டியதிலேயே பெரிய நன்றி.

இராமநாதபுரம் கரையில் இருந்து ஒரு தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். அவள் கணவன் அப்போது இலங்கை மறியலில். "அக்கா, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம். உங்க ஆளுங்க பேரையும் எழுதித் தாங்க, சேர்த்தே கேக்குறோம்" என்றாள். எனக்கு உடனே வாய் வரவில்லை. கடலடியை வாரி இழுக்கிற அக்கரை இழுவைமடிப் படகுகள் நம் வடக்குக் கடலில் செய்கிற நாசம் சின்னதல்ல. முல்லைத்தீவில் என் சொந்தத் தங்கை வீட்டு வலைகளும் அப்படித்தான் போயின. நம் நாட்டில் இழுவைமடியை 2017இல் சட்டம் போட்டே தடுத்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு அவளோடு இனிக்க இனிக்கக் கதைக்க எனக்குத் தெரியாது, நேரே சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "தெரியும்க்கா. முதலாளி போட்ட படகு, சொன்ன இடத்துக்குப் போறாரு. கூலிக்குப் போற ஆளுதானே" என்றாள். அப்புறம் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன், எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். எங்கள் படகை நடத்திய ஸ்கிப்பரின் சிங்களப் பெயரையும், கிண்ணியா நானாவின் பெயரையும் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள்.

இங்கே நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஸ்கிப்பரின் மனைவி எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தார். எங்கள் மனுவில் அக்கரைக் கைதிகளையும் விடச் சொல்லிக் கேட்டோம். நம் கடற்றொழிலாளர் சங்கத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன், அந்தக் கையெழுத்து லேசானதல்ல.

கடைசியில் இரண்டு அரசுகளும் ஒரே நேரத்தில் கைதிகளை விட முடிவெடுத்தன. இது புதிதல்ல. 2014 ஜனவரியில் சென்னையில் மீனவர் பேச்சுவார்த்தை நடப்பதற்கு முன்பும் இரு பக்கமும் ஆட்களை விட்டார்கள். நம்மவர்களை நடுக்கடலில், எல்லைக் கோட்டில் வைத்துக் கைமாற்றினார்கள். பெயர் வாசித்து வாசித்து ஒவ்வொருவராகக் கப்பல் மாற்றினார்களாம். என் கணவருக்குக் காலில் செருப்பு இல்லை. எதிரே வந்த அக்கரை மீனவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். "போட்டுக்கங்கண்ணே, நான் ஊர்ல வாங்கிக்கிறேன்." காங்கேசன்துறையில் இறங்கி, வவுனியா வழியாக பஸ்சில் வீடு வரும்வரை அந்தச் செருப்புத்தான். அவர் எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. யாராவது இதை அக்கரையில் வாசித்தால், மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் பக்கம் சொல்லிவிடுங்கள்.

ஒரு மனக்குறை இருக்கிறது. வழக்கைத் திரும்பப் பெற்றுத்தான் விட்டார்கள், தீர்ப்புச் சொல்லி அல்ல. களவாக மீன் பிடிக்கவில்லை என்று ஒரு நீதிபதி வாயால் கேட்க வேண்டும் என்று என் கணவர் ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. அவருக்காக நான் இங்கே எழுதுகிறேன்: அவர்கள் களவெடுக்கப் போகவில்லை.

சென்னையில் உள்ள நம் துணைத் தூதரகத்தில் இருந்து மறியலுக்குப் போய்ப் பார்த்தவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொண்ட படகுக்காரச் சம்மாட்டி, பத்திரகாளி அம்மன் கோயிலில் எங்களுக்காக விளக்கேற்றியவர்கள், கிண்ணியாப் பள்ளிவாசலில் துஆச் செய்தவர்கள், எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

படகு இன்னும் அக்கரையில்தான் கட்டிக்கிடக்கிறது. வேறு படகுகளில் போனவர்கள் சிலரும் இன்னும் வரவில்லை. அவர்கள் வீட்டார் வீஎம்எஸ் பதிவுப் பிரதியையும், படகின் பதிவுச் சான்றிதழையும், ஆட்களின் அடையாள அட்டைப் பிரதிகளையும் இன்றே எடுத்து வையுங்கள். மனு எழுதவும் அக்கரைக்குப் போன் எடுக்கவும் துணை வேண்டுமென்றால் நம் சங்கக் கட்டடத்தில் சொல்லி விடுங்கள், நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கடற்றொழிலாளியின் மனைவி,
திருக்கடலூர், திருகோணமலை.