புனலூர் லோடுக்கு மேப்

செங்கோட்டை

அன்புள்ள சுப்பு,

புனலூர் லோடு போகும் லாரிகளுக்கு வழிகாட்டும் மேப் போடுவது பற்றி நீ எழுதிய கடிதம் கிடைத்தது. இங்கே சாரல் தொடங்கியாச்சு, குற்றாலத்துக் கூட்டத்தில் தென்காசி ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு.

லாரிகளுக்கு ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, நேவிட் என்ற வழிகாட்டி மென்பொருளைப் போடும் யோசனை வேண்டாம். சாவியைத் திருப்பியதும் பட்டென்று கரண்ட் போனால் மெமரி கார்டு சீக்கிரம் கெடும். பழைய ஆண்ட்ராய்டு போனில், நெட் இல்லாமலே வழி காட்டும் ஓஎஸ்எம்அண்ட் ஆப் போதும். எஃப்-ட்ராய்டு என்ற இலவச ஆப் தளத்திலிருந்து இறக்கு, பிளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் மேப் இறக்க வரம்பு உண்டு.

மேப் மாநிலவாரியாக வரும். தமிழ்நாடு, கேரளா இரண்டையும் ஏற்று. ஒன்று மட்டும் இருந்தால் மாநில எல்லையான கோட்டைவாசலோடு ரோடு முடிந்த மாதிரி ஆப் திணறும். ஆப்பில் லாரிக்கான அமைப்பில் (புரொஃபைல்) உயரம் மீட்டரில், எடை டன்னில் போட வேண்டும். உயரத்தைத் தார்ப்பாய் கட்டி முடித்த பிறகு தரையிலிருந்து அள. கேபின் உயரம் உதவாது. இதெல்லாம், ஆப்புக்கு அடிப்படையான, பொதுமக்களே வரையும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் யாராவது பாலத்தின் உயர, எடை வரம்பைப் பதிந்திருந்தால்தான் வேலை செய்யும். ரயில்வே பாலத்துக்கு முன்னால் நிற்கும் உயரத் தடுப்பை டிரைவர் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நேர் ரோட்டை விட்டுச் சுற்றி அனுப்புகிறது என்றாயே, அதற்கு ஆப்பைத் திட்டாதே. இரண்டு ரோட்டுக் கோடுகள் தொடுவது போலத் தெரியும். பொதுவான புள்ளி இருக்காது. ஆப்புக்கு அது முட்டுச்சந்து. ஓபன் ஸ்ட்ரீட் மேப் தளத்தில் கணக்குத் திறந்து, எடிட்டரில் நன்றாகப் பெரிதாக்கி, ஒரு கோட்டின் முனையை இழுத்து மற்றதன் மேல் வை, ஒட்டிக்கொள்ளும். மேம்பாலத்தையும் அடியில் போகும் ரோட்டையும் மட்டும் மறந்தும் சேர்த்துவிடாதே. திருத்தம் போனுக்கு உடனே வராது. சாதாரணமாக மேப் மாதம் ஒருமுறைதான் புதுசாகும்.

ஆரியங்காவுப் பக்கம் மலை வளைவுகளில் லாரி இருக்கும் இடத்தைக் காட்டும் அம்பு மேல் ரோட்டுக்குத் தாவினால் பயப்படாதே. மலை பாதி வானத்தை மறைக்கும், பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னலும் குழப்பும். நெட் இல்லாத போனுக்கு ஒவ்வொரு சாட்டிலைட்டின் பாதை விவரமும் முழுசாக வர சுமார் அரை நிமிஷம் ஆகும். ஆகவே மலைக்கு முன்னால் புளியரையிலேயே, வானம் தெரியும் இடத்தில் நிறுத்தி, போன் தன் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு மலை ஏறச் சொல். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் இருந்தால் அது தனித் தொல்லை.

சார்ஜர் 12–24 வோல்ட் என்று போட்டதாகப் பார்த்து வாங்கு. காருக்கான 12 வோல்ட் சார்ஜர் 24 வோல்ட் லாரியில் புகைந்துபோகும்.

ரோடு அறுந்திருக்கும் இடத்தை மேப்பில் அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் வரும். எழுதி அனுப்பு, நானும் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கணேசன்