கூடத்துச் சுவர்களில் போர்சலின் பலகைகள்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் சங்கக் கட்டடத்தின் முகப்புக் கூடத்திலும் மாடிப்படிச் சுவரிலும் போர்சலின் பலகைகள் (பெரிய, மெல்லிய பீங்கான் வகை ஓடுகள்) பதிக்கும் பணி முடிந்துவிட்டது. பலகைகள் வந்து இறங்கிய பிறகும் சுவரில் ஏன் ஏறவில்லை என்று பலர் கேட்டீர்கள், சிலர் கோபமாகவே.

ஒரு பலகை 1200 மி.மீ. அகலம், 2400 மி.மீ. உயரம், கனம் 6 மி.மீ. மட்டுமே. சிறிய ஓடு என்றால் சுவரின் மேடுபள்ளத்தைக் கொத்தனார் பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்துவிடுவார். இந்த அளவில் அந்த வித்தை பலிக்காது. முதுகுப்புறம் வெற்றிடம் விழும். அந்த இடத்தில் நாற்காலி இடித்தாலே பலகையில் விரிசல் விழலாம். அதனால் 3 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.க்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது என்று வரம்பு வைத்தோம். பழைய பூச்சைத் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஓசை கேட்ட இடமெல்லாம் கொத்தி மறுபடி பூசினோம். புதுப்பூச்சு காயக் காத்திருந்ததில்தான் காலம் போனது. பழைய பூச்சின் மேலேயே ஒட்டிவிடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை.

போர்சலின் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. வெறும் சிமெண்டுச் சாந்து அதில் சரியாகப் பிடிக்காது. பாலிமர் கலந்த நெகிழ்வுப் பசையைச் சுவரிலும் பலகை முதுகிலும் பூசி, பல் கரணையால் ஒரே திசையில் நேராக இழுத்தார்கள். வளைத்து இழுத்தால் காற்று உள்ளே அடைபட்டுவிடும். பலகை சுமார் 40 கிலோ. லிஃப்டில் நுழையவில்லை, உறிஞ்சு கிண்ணங்கள் பொருத்திய சட்டத்தில் பிடித்துப் படிவழியே ஏற்றினார்கள்.

ஸ்விட்ச் பெட்டிக்கு வெட்டிய துளைகளின் மூலைகள் வட்டமாக இருப்பது வேண்டுமென்றே செய்தது. கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். இடைவெளியே தெரியாமல் ஒட்டச் சொன்னவர்களுக்கு: கட்டடத்தின் விரிவு இணைப்பை (கட்டடம் விரிந்து சுருங்குவதற்காக விட்ட இடைவெளியை) மூடினால் பலகைதான் உடையும். அங்கே மட்டும் நெகிழும் நிரப்பி தெரியும்.

தரையிலும் இதே பளபளப்புப் பலகையைக் கேட்டார்கள். ஈரத்தில் வழுக்கும் என்பதால் மறுத்துவிட்டோம்.

ஒரே தொகுதியில் வந்த உபரிப் பலகைகள் கிடங்கில் உள்ளன. படம் மாட்ட விரும்புவோர் ஆணி அடிக்க வேண்டாம். செயலரிடம் சொன்னால் வைர முனைத் துளைப்பானால், சுத்தியல் இயக்கமின்றி, துளையிட ஏற்பாடு செய்வார். வரவு செலவு விவரம் பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளது.

திருப்பணிக் குழு