எதிர் வீட்டுத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தங்கையின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு நீ தென்காசியிலிருந்து திரும்பிய அன்று காலை நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். தோள் பையைக்கூட இறக்கிவைக்காமல் நேராகச் செடிகளிடம்தான் போனாய். கொஞ்ச நேரத்தில் ஐந்து தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து படிக்கட்டு ஓரத்தில் வைத்தாய். "12 நாளுக்குத் தண்ணீர் போதவில்லை அக்கா" என்றாய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் விளக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே பொதுவில் வைக்கிறேன்.

நீ அலுவலகம் போனதும் அந்தத் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஸ்நேக் பிளான்ட்டின் இலை ஒன்றை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி பழுப்பேறிக் கொழகொழவென்று இருந்தது. புளித்துப்போன கழனித்தண்ணீரின் வாடை. மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால் நீர் சொட்டியது. 12 நாள் கழித்தும் சொட்டியது, தம்பி! அந்தச் செடி தாகத்தால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்கிறது.

வேருக்கும் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் சின்னச் சின்ன இடைவெளிகளில்தான் அந்தக் காற்று நிற்கிறது. நீ செய்ததுபோல் தொட்டியை டப்புத் தண்ணீரில் நாள்கணக்கில் உட்காரவைத்தால் அந்த இடைவெளி முழுவதும் நீர் நிறைந்து, வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை துவளும். பார்ப்பவர்களுக்கு அது தாகம் போலவே தெரியும், இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசையாலேயே எத்தனை வீடுகளில் செடிகள் இப்படிப் போகின்றன என்று நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ பிளான்ட், கற்றாழை ஆகியவை இலையிலோ கிழங்கிலோ நீரைச் சேர்த்துவைத்திருப்பவை. கிளம்பும் முன் ஒருமுறை நன்றாக ஊற்றி, தட்டில் வடிந்ததைக் கொட்டிவிட்டு, வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தால் இரண்டு மூன்று வாரம் உன்னைத் தேடியிருக்காது.

இன்னொன்று. அந்த டப்பில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில் எளிதாக வளரும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சிப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் பூந்தொட்டித் தட்டைக்கூட விடாமல் பார்ப்பது இதற்காகத்தான். நம் மாடியில் இரண்டு கைக்குழந்தைகள் இருக்கின்றன.

துளசியின் கதை வேறு. அது உண்மையிலேயே காய்ந்துதான் போயிருக்கிறது. நம் பால்கனி மேற்குப் பார்த்தது. கத்திரி வெயில் நாளில் இரவு எட்டு மணிக்கு அந்தக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுப் பார், அப்போதும் சுடும். மண்தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் கசிந்து ஆவியாகும். பானைத் தண்ணீர் குளிர்வதே அதனால்தான். அந்தக் குளிர்ச்சிக்குச் செடி தன் ஈரத்தை விலையாகக் கொடுக்கிறது. நீ துளசி மண்ணில் கவிழ்த்துச் செருகிவைத்த தண்ணீர் பாட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தென்னைநார்க் கழிவு கலந்த பொலபொலப்பான மண்ணில் அது ஒரே நாளில் காலியாகியிருக்கும்.

தண்ணீரைக் கூட்டுவதற்கு முன்னால் செலவைக் குறைக்க வேண்டும் தம்பி. எல்லாத் தொட்டிகளையும் பால்கனி விளிம்பிலிருந்து இறக்கி, உட்சுவர் ஓரமாகத் தரையில் நெருக்கமாக வை. ஒன்றின் நிழல் ஒன்றுக்கு. ஒன்று விடும் ஈரம் பக்கத்துச் செடிக்கு. மண்ணின் மேல் தேங்காய் நாரைப் பரப்பு. கிளம்புகிற வாரத்தில் உரம் போடாதே, தொட்டி மாற்றாதே. இலையின் அடிப்புறத்தையும் கணுக்களையும் ஒருமுறை திருப்பிப் பார். வெள்ளையாக ஒரே ஒரு மாவுப்பூச்சி ஒட்டியிருந்தாலும் நீ திரும்புவதற்குள் அது பரவத் தொடங்கிவிடும். அறைக்குள் வைப்பதானால் ஜன்னலை முழுக்க மூடாதே. மே மாதத்தில் பூட்டிக்கிடக்கும் சென்னை வீட்டுக்குள் மனிதர்களாலேயே இருக்க முடியாது.

பிறகுதான் தண்ணீர். அக்னி நட்சத்திரத்தின்போது சிவன் கோவில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பாய். குடம் குடமாக ஊற்றுவதில்லை. ஒரு சொட்டு, அடுத்து ஒரு சொட்டு. செடிக்கும் அந்த நிதானம்தான் வேண்டும். நான் திரி போடுவேன். பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, முறுக்கி, முழுக்க நனைத்துக்கொள்வேன். ஒரு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குல ஆழத்துக்குக் குச்சியால் அழுத்திவிட்டு, மறுமுனையைப் பக்கத்தில் உள்ள வாளியின் அடிவரைக்கும் இறக்குவேன். வாளியைத் தொட்டியின் உயரத்துக்கு ஒரு பலகைமேல் ஏற்றிவைத்து, வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும், கொசு இறங்காமல். மண் காயக் காய, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல இது தண்ணீரை இழுத்துக் கொடுக்கும். துளசி, மணி பிளான்ட், பீஸ் லில்லி போன்றவற்றுக்கு மட்டும் போடு; ஸ்நேக் பிளான்ட் பக்கம் கொண்டுபோகாதே. ஒன்று மட்டும் கட்டாயம்: ஊருக்குக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே போட்டுப் பார்த்துவிடு. வாளி எவ்வளவு இறங்கியது, மண் சேறாகிறதா என்று உன் கண்ணால் பார்த்த பிறகு பஸ் ஏறு.

இத்தனையும் சொன்னாலும், மனிதக் கைக்கு ஈடு எதுவும் இல்லை. எதிரிலேயே நான் இருக்கிறேன். சாவியைக் கொடுத்திருக்கலாமே என்பதுதான் என் வருத்தம். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பாய். எனக்கு அது தொந்தரவே இல்லை. யாரிடம் கொடுத்தாலும் "தண்ணீர் ஊற்றுங்கள்" என்று மட்டும் சொல்லாதே. தொட்டியில் சாக்பீஸால் எழுதிவை: துளசிக்குத் தினம் ஒரு டம்ளர், மணி பிளான்ட்டுக்கு விரலை மண்ணில் இரண்டாம் கணு வரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும், ஸ்நேக் பிளான்ட்டுக்கு வேண்டவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கு ஊற்றாமல் விடச் சொல்.

தீபாவளிக்குப் போகும்போது கவலை தலைகீழாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்து, தட்டுகளை எடுத்துக் கவிழ்த்துவிட்டுப் போ. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ வெளியே வைத்த மணி பிளான்ட்டின் கொடியில் நுனிப்பக்கம் இரண்டு கணு மட்டும் பச்சையாக இருந்தது. வெட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் விட்டு, அடுப்படி ஜன்னலில் வைத்தேன். இன்று காலை தண்ணீர் மாற்றும்போது பார்த்தேன், கணுவிலிருந்து அரை அங்குலத்துக்கு வெள்ளை வேர் இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் என்னிடம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தொட்டியோடு வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
எதிர் வீட்டு அக்கா